வீட்டை இடிக்காமல் வைத்திருப்பவர்களுக்கு

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் குடியிருக்கும் தெருக்காரர்கள் சார்பில் எழுதும் நன்றி மடல் இது.

பழைய வீட்டை இடிக்காமல் செப்பனிட்டு முடித்த குடும்பங்களுக்குப் போன வாரம் எங்கள் தெருவிலேயே ஒரு சின்னப் பாராட்டு வைத்தோம். சாமியானா, பொன்னாடை, ஆளுக்கொரு டீ. வந்திருந்த பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் மழை தூற ஆரம்பித்துவிட்டது. பொன்னாடையை மட்டும் அவசர அவசரமாகப் போர்த்திவிட்டு எல்லோரும் தாழ்வாரத்தில் ஒதுங்கிக்கொண்டோம். எதற்காகப் போர்த்தினோம் என்பதைச் சொல்ல நேரமே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

புதுச்சேரியின் பழைய கட்டடம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவரும் அதன்மேல் தொங்கும் காகிதப்பூவும்தான். அதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் வேறு ஊர். தெருவை ஒட்டித் தாழ்வாரம், அதையடுத்துத் திண்ணை, செதுக்கிய கதவு, உள்ளே முற்றம். கீழே மரத்தூண் நிற்கும், மாடியில் வளைவுச் சன்னலும் காரைத் தூணுமாகப் பிரெஞ்சுக்காரன் சாயல் தெரியும். ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு திரும்ப எழுந்த ஊர் இது. அதற்கப்புறம் கட்டிய வீடுகளில்தான் நம்மில் பலர் இன்னும் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

2014 நவம்பர் 29 அன்று மழையில், பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் இடிந்து விழுந்தபோது ஊரே போய் நின்று பார்த்தது. உலக வங்கிக் கடனுதவியில் அதைப் பழையபடியே கட்டி, 2021இல் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரரின் மாடி இறங்கினால் உலக வங்கி வராது. அவர்தான் நகையை அடகு வைக்க வேண்டும், அல்லது சீட்டு எடுக்க வேண்டும். இப்படிச் செலவழித்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதல் நன்றி. பேரைப் போட வேண்டாம் என்று நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டதால் வீட்டு அடையாளத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். தெருவில் யாருக்கும் தெரியாததா என்ன!

பச்சைக் கதவு வீட்டுக்காரர்களே, உங்கள் கதையைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பாதி வீடுகள் விழுவது மழையால் இல்லை, பாகப்பிரிவினையால். தாத்தா காலத்து வீடு, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பங்காளிகள் பெருகிவிட்டார்கள். நம் ஊரில் சொல்தா குடும்பங்களுக்கு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பங்களுக்கு, சொல்லவே வேண்டாம், பாதிப் பேர் பாரிசுப் பக்கம் இருப்பார்கள். ஒருவர் விற்கலாம் என்பார், ஒருவர் வேண்டாம் என்பார், மற்றவர்கள் போனையே எடுக்க மாட்டார்கள். யாருக்கும் முழு உரிமை இல்லாத வீட்டில் ஒழுகும் ஓட்டை மாற்றக்கூட யாரும் காசு போட மாட்டார்கள். நாலு மழைக்காலம் அப்படியே போனால் உத்திரம் உளுத்துவிடும். பிறகு புரோமோட்டர் வந்து நிற்பார். கீழே கடை, மேலே ஃபிளாட், ஆளுக்கு இத்தனை என்று கணக்குப் போட்டுக் காட்டுவார். அந்தக் கணக்கை எதிர்த்துப் பேசுவது லேசான வேலையில்லை.

அந்த வீட்டு அக்கா பேசினார். சத்தம் போடவில்லை. ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனியாகப் போன் செய்தார். நேரம் பார்த்து, அங்கே இரவாகும்வரை காத்திருந்து பேசினார். யார் பங்கு எவ்வளவு, யார் எவ்வளவு போட முடியும், போட முடியாதவர் பங்கை எப்படி ஈடுகட்டுவது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தார். அந்த நோட்டைப் பாராட்டு நாளில் காட்டச் சொன்னோம், கூச்சப்பட்டு மறுத்துவிட்டார். பிரான்சிலிருந்து பவர் பத்திரம் அனுப்பிய அண்ணன் தம்பிகளுக்கும், ‘எனக்குப் பணமாகவே கொடுத்துவிடுங்கள்’ என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் காத்திருக்கச் சம்மதித்த அந்தச் சித்தப்பாவுக்கும் சேர்த்தே நன்றி. காத்திருந்ததும் ஒரு கொடைதான், அவருக்கும் வீட்டில் கல்யாணச் செலவு இருந்தது.

அடுத்து மூலைவீடு. அங்கே நடந்தது சுண்ணாம்பு வேலை. பலரும் விழி பிதுங்குவது இங்கேதான். அந்த வீட்டு முன்சுவருக்கு முன்பு யாரோ நல்லெண்ணத்தில் சிமெண்ட் பூசி, அதன்மேல் ஆயில் பெயிண்டும் அடித்துவைத்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் புத்தம்புதுச் சுவர். தட்டினால் உள்ளே பொள்ளல் சத்தம். பெயர்த்தெடுத்தபோது செங்கல் மாவாகக் கொட்டியது. நம் பழைய சுவர்கள் மெல்லிய செங்கலையும் சுண்ணாம்புச் சாந்தையும் வைத்துக் கட்டியவை. மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். மேலே சிமெண்டைப் பூசி அடைத்தால் ஈரம் போக வழியில்லை. கடலோர ஊர், ஈரத்தோடு உப்பும் இருக்கும். அந்த உப்பு சுவருக்குள்ளேயே படிந்து, பூத்து, செங்கலைப் பொடிக்கும். ‘பழைய சுவர் தாங்காது சார்’ என்று இடிக்கச் சொல்பவர்கள் அந்தச் சுவரைத் தாங்கவிடாமல் செய்தது எது என்று சொல்வதில்லை.

மூலைவீட்டு அண்ணன் சிமெண்ட் முழுவதையும் கொத்தி எடுக்கச் சொன்னார். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் ஊறப்போட்டார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தனியாக ஒரு பீப்பாயில். புளித்த வாடை தெருமுனைவரை வந்தது, எங்களில் சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டவும் செய்தோம். வேலை நடக்கும்போது சன்னல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு சாண் அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி மேஸ்திரி காட்டினார். மேலே கிரீம், அதற்குக் கீழே பளிச்சென்ற நீலம், அதற்கும் கீழே காவி, கடைசியில் வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. அண்ணனின் அம்மா அந்த நீலத்தைப் பார்த்ததும், ‘இது நான் கல்யாணமாகி வந்தப்ப அடிச்சது’ என்றார். அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் இன்றுவரை பூசாமலேயே விட்டுவைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எங்கள் அபிப்பிராயம் ஒன்று. புதுக் கட்டடத்துக்கு முன்னால் இரண்டு வளைவை ஒட்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, ‘ஹெரிட்டேஜ்’ என்று போர்டு மாட்டுவதும், இந்த அண்ணன் செய்ததும் ஒன்றில்லை. பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம், சுவருக்குத் தெரியும்.

மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் நன்றி சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. பச்சைக் கதவு வீட்டில் மெட்ராஸ் தளம் திரும்பப் போட்டபோது பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் சின்னச் செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, குறுக்குச் சாய்வாகச் சுண்ணாம்பில் கட்டிக்கொண்டே போனார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். அப்புறம் சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் தட்ட ஆரம்பித்தார்கள். காலையில் தொடங்கினால் சாயந்திரம்வரை அதே தாளம். ஜல்லி இறுகி, கட்டை பட்டால் ‘டங்’கென்று திருப்பி அடிக்கும்வரை விடவில்லை. கடைசியாகத் தட்டோடு பதித்தார்கள். அந்தப் பெண்களுக்குப் பொன்னாடை போர்த்த மறந்துவிட்டோம், வேலை நடக்கும் இன்னொரு வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். ‘இதை வச்சு என்னா பண்றது, புடவையா எடுத்துக் கொடுங்க’ என்று ஒருவர் சிரித்தார். நியாயமான பேச்சு. அடுத்த முறை புடவைதான்.

தளம் எப்படி என்று மழையே பார்த்துச் சொன்னது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஊரே தண்ணீரில் நின்றது நினைவிருக்கும். எங்கள் தெருவிலும் தாழ்வான வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பச்சைக் கதவு வீட்டு மாடி ஒரு இடத்தில்கூட ஒழுகவில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பாட்டிகளும் அன்றிரவு அங்கேதான் படுத்தார்கள். விடிந்ததும் எல்லோருக்கும் கஞ்சி கொடுத்த அக்காவுக்கு இதற்குத் தனியாக ஒரு நன்றி.

இந்தத் தெருக்காரர்களுக்கு முன்மாதிரி வைசியாள் வீதி. கலவை சுப்பராயச் செட்டியார் வீதி என்று போர்டில் இருக்கும், நமக்கு வைசியாள் வீதிதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் என்ற நகர மேம்பாட்டுத் திட்டத்தில், 2000களின் தொடக்கத்தில், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் அரசும் சேர்ந்து அங்கே வரிசையாக வீட்டு முகப்புகளைச் சரிசெய்தார்கள். 2008இல் அந்த வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. ஒரு கோயிலுக்கோ அரண்மனைக்கோ இல்லாமல், ஜனங்கள் குடியிருக்கிற ஒரு தெருவுக்குக் கிடைத்தது என்பதுதான் எங்களுக்குப் பெருமை. தாழ்வாரத்தை அடைத்து எழுப்பிய சுவரை எடுக்க, திண்ணையைத் திரும்ப விட அன்றைக்கு அந்த வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் எந்தத் திட்டமும் நடந்திருக்காது. அவர்களில் சிலர் இன்று இல்லை. அவர்கள் பிள்ளைகள் இந்த மடலைப் படித்தால் எங்கள் நன்றியைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

வாடகைக்காரர்களையும் சொல்ல வேண்டும். மருந்துக் கடைக்காரர் முகப்பையே மறைத்த ஃபிளெக்ஸ் போர்டைக் கழற்றிவிட்டுச் சின்ன மரப் பலகையில் எழுதிக்கொண்டார். வியாபாரம் குறையவில்லையாம். மூலைவீட்டுக்குப் பொதுச்சுவர் வீட்டு ஐயா, தன் முற்றத்தில் சாரம் கட்ட விட்டார். அத்தனை மாதமும் துணி காயப்போட இடமில்லாமல் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிய அந்த வீட்டு அம்மாவுக்குக் கூடுதல் நன்றி.

வீட்டை ஹோட்டலாக்கியவர்களைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. எங்களுக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. அந்த வருமானம் இல்லாவிட்டால் பல கூரைகள் என்றோ இறங்கியிருக்கும். ஆனாலும், அடுப்பு எரிந்து, வாசலில் கோலம் விழுந்து, பாட்டி திண்ணையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர்களை விசாரிக்கும் வீடாகவே வைத்திருப்பவர்களுக்குச் செலவு அதிகம், வரவு இல்லை. அவர்களுக்கு வீட்டு வரியில் நாலு காசு தள்ளுபடி கிடைக்க வழி செய்தால் பொன்னாடையைவிட உபயோகமாக இருக்கும் என்பதைப் பொறுப்பில் இருப்பவர்கள் காதில் போட்டுவைக்கிறோம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. நன்றி மடலில் கோரிக்கை வைக்கலாமா என்று கேட்காதீர்கள், வேலை நின்றுபோகக் கூடாதே. பொங்கல் கழிந்ததும் கிணற்றடி வீட்டில் வேலை தொடங்குகிறது. தளத்துக்குத் தேக்குக் கட்டை குறைகிறது, சன்னலுக்குப் பழைய கொண்டி, கீல் வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்து எங்காவது ஒரு பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்றால், சாமான் பழைய மரக்கடைக்குப் போவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நியாயமான விலை கொடுத்து எடுத்துக்கொள்கிறோம். சுண்ணாம்பு வேலை கற்றுக்கொள்ள விருப்பமுள்ள பையன்களோ பெண்களோ இருந்தாலும் அனுப்புங்கள். கூலி உண்டு, மேஸ்திரி கோபக்காரர், ஆனால் சாப்பாட்டு வேளையில் யாரையும் வேலை வாங்க மாட்டார்.

இப்படிக்கு,
தெருக்காரர்கள்