அன்னதானக் கொட்டகைத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

ஆலய உறுப்பினர்கள் அனைவருக்கும் செயலவையின் வணக்கம்.

கொட்டகை வேலை நல்லபடியாக முடிந்தது. தைப்பூசத்துக்கு வந்தவர்கள் அதில் அமர்ந்துதான் சாப்பிட்டார்கள். அடித்தளம், கூரைத் தகடு, மின்சாரம், தண்ணீர்க் குழாய் எல்லாம் பேசிய விலைக்குள் முடிந்தன. அவற்றைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிய கேள்வி ஒன்றுதான்: "ஸ்க்ரூவுக்கா இத்தனை வெள்ளி (ரிங்கிட்)?" அதற்குப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

முதலில் வேலை எடுத்த குத்தகையாளர் தூண்களை நிறுத்திவிட்டுத் தரைப்பலகை அடிக்கத் தொடங்கியபோது, அவர் ஆட்கள் கொண்டுவந்தது கறுப்பு ஸ்க்ரூ. வீட்டுக்குள் ஜிப்சம் சீலிங் அடிப்பதற்கென்று செய்தது அது. மெல்லிய உடம்பு, கெட்டியாகப் பதப்படுத்திய எஃகு. கெட்டியாக இருப்பதால் வளையாது, ஒடியும். வெளியில் கிடக்கும் பலகை மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அந்த இழுப்பில் தலை தனியாகத் தெறித்துவிடும். அதன் கறுப்புப் பூச்சு ஈரத்துக்கு நிற்காது. நம் ஆலயமோ பினாங்கின் வடகரையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

"எல்லா இடத்திலும் இதைத்தான் போடுகிறோம்" என்றார் குத்தகையாளர். மர வேலை தெரிந்த செயலவை உறுப்பினர் ஒருவர் அவர் முன்னாலேயே இரண்டு ஸ்க்ரூக்களை இடுக்கியில் பிடித்து வளைத்தார். மரத்துக்கான ஸ்க்ரூ வளைந்தது. கறுப்பு ஸ்க்ரூ பட்டென்று ஒடிந்தது. அப்புறமும் குத்தகையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. அடித்ததைக் கழற்றச் சொன்னோம். கழற்றும்போதே பல தலைகள் முறிந்தன. ஒப்பந்தத்தில் "வெளிப்புறத்துக்கு ஏற்ற பொருள்" என்று எழுதியிருந்ததால் கழற்றிய கூலியை அவரே ஏற்றார், வேலையிலிருந்தும் விலகிக்கொண்டார். கோயில் வேலையில் சண்டை எதற்கு என்று எங்களைக் கடிந்துகொண்ட பெரியவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: இருநூறு பேர் தட்டோடு அமரும் தரை அது. அதில் விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

சரி, மஞ்சள் ஸ்க்ரூ போட்டிருக்கலாமே என்கிறார்கள். அதன் துத்தநாகப் பூச்சு மெல்லியது, வீட்டுக்குள் போதும். நம் தரைக்குக் கீழே உள்ள சட்டங்கள் செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரம். அந்தச் செம்பு மெல்லிய துத்தநாகத்தைச் சீக்கிரமே அரித்துவிடும். மேலே போட்டது செங்கால் (chengal) என்ற கடினமான உள்ளூர் மரத்தின் பலகை. சாதாரண இரும்பு பட்டால் ஈரத்தில் மரத்தின் சாறு ஊறிக் கறுப்பாகக் கறை இறங்கும். அதனால்தான் தரைக்கும் கைப்பிடிக்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கினோம். 304 ரக ஸ்டெயின்லெஸ் மலிவு, ஆனால் உப்புக் காற்றில் பழுப்புப் படரும். 316-இல் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருப்பதால் உப்பை அதைவிட நன்றாகத் தாங்கும். முதலில் வந்த பெட்டி காந்தத்தில் பலமாக ஒட்டியது; 316 அப்படி ஒட்டாது. அது 410 ரகம், துரு தாங்கும் சக்தி குறைவு; திருப்பி அனுப்பினோம்.

எல்லா இடத்திலும் விலை உயர்ந்ததைப் போட்டுவிடவில்லை. மழை படாத கூரைச் சட்டங்களுக்கு, உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஸ்க்ரூவும் அதே ரக இரும்புத் தாங்கிகளும் போதுமென்று முடிவு செய்தோம். தாங்கி ஒரு உலோகம், ஸ்க்ரூ வேறு உலோகம் என்று கலக்க விடவில்லை. கலந்தால் ஈரத்தில் ஒன்று மற்றதை அரிக்கும். தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் ஸ்க்ரூவை நம்பாமல், வாஷரோடு 12 மில்லிமீட்டர் போல்ட் போட்டோம்.

நாள் தள்ளிப்போனதற்கும் காரணம் உண்டு. 316 ஸ்க்ரூ எளிதில் துருப்பிடிக்காது, ஆனால் கெட்டியாகப் பதப்படுத்திய எஃகை விட மென்மை. செங்காலில் துளையிடாமல் முடுக்கினால் முறுக்கிக்கொண்டு ஒடியும். ஆகவே ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முன்துளை. 25 மில்லிமீட்டர் பலகைக்கு 65 மில்லிமீட்டர் நீளம், அப்போதுதான் கீழ்ச்சட்டத்தில் நன்றாக இறங்கிப் பிடிக்கும். பலகையில் நிற்கும் பகுதியில் மரை இல்லாத ரகமாகத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு மரத்தையும் இடைவெளியில்லாமல் இழுத்துச் சேர்க்கும். பிறகு வந்த தச்சர் இதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்தார். அவர் கைக்கு நம் நன்றி.

ஸ்க்ரூச் செலவின் பெரும்பகுதியை ஏற்ற பட்டர்வொர்த் பட்டறைக்காரர், செங்கால் பலகையை அடக்க விலைக்குத் தந்த மரக்கடைக்காரர், தன் முதல் சம்பளத்தைக் கொடுத்த, ஆயர் ஈத்தாம் ஊரைச் சேர்ந்த பிள்ளை, துளையிடும் இயந்திரங்களை இரவல் தந்த இளைஞர் அணி, வேலையாட்களுக்கு மதியச் சோறு சமைத்த மாதர் அணி, பெயர் வேண்டாம் என்ற டாக்டர் அம்மா எல்லாருக்கும் அம்பாள் அருள் உண்டு. உபயதாரர்களின் முழுப் பெயர்ப் பட்டியலும் ரசீதுகளும் அலுவலகப் பலகையில் இருக்கின்றன.

மீதமுள்ள 316 ஸ்க்ரூக்கள் பெட்டிச் சீட்டோடு பண்டக அறையில் உள்ளன. பின்னால் பலகை மாற்றுபவர்கள் அதையே எடுத்துப் போடவும்.