அம்மாவைச் சாகடிக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

கும்பகோணத்தில் உன் நாடகம் பார்த்தேன். முடிந்ததும் உன்னைச் சுற்றி ஒரே கூட்டம், பேச முடியவில்லை, அதான் எழுதுகிறேன். நாடகம் ரொம்பப் பிடித்தது. கடைசிக் காட்சி பிடிக்கவில்லை.

அந்தக் காலண்டர் காட்சி இருக்கிறதே! மூன்று பிள்ளைகளும் கூடத்தில் காலண்டரை விரித்து வைத்துக்கொண்டு, அம்மா எந்த மாதம் யார் வீட்டில் என்று முறை பிரிக்கிறார்கள். பெரியவன் முந்திக்கொண்டு பிப்ரவரியைக் கேட்கிறான், 28 நாள்தானே. சின்னவன் உடனே, லீப் வருஷத்தில் 29 நாள் நான்தானே வைத்திருந்தேன் என்று சண்டைக்கு வருகிறான். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியம்மாதான் எல்லாருக்கும் முன்னால் சிரித்தார். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறப்பார்களா என்று பார்த்துக் கிடக்கிற ஊர் நம்முடையது. முறை வைத்துத் தண்ணீர் விட்டால் என் வயலுக்கு முதலில் விடு என்று மண்வெட்டியோடு வந்து நிற்கிற அதே ஆட்கள், அம்மா முறை என்றால் மட்டும் உனக்கு உனக்கு என்று தள்ளுவதை இவ்வளவு நேராக மேடையில் நான் பார்த்ததில்லை.

பெற்றவளை வைத்துச் சிரிக்க வைக்கலாமா என்று சிலர் கேட்டார்களாம். மெலட்டூரைப் போய்ப் பார்க்கச் சொல். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி அங்கே நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் முதலில் கோணங்கி வந்து ஆடிச் சிரிக்க வைக்கிறான், அப்புறம்தான் பிரகலாதனைப் பெற்ற லீலாவதி, புருஷன் இரணியனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் தவிப்பதைப் பார்க்கிறோம்.

ஆனால் நீ என்ன செய்தாய்? அதுவரை வெற்றிலை இடித்துக்கொண்டே ஒவ்வொரு மருமகளையும் ஒரே வார்த்தையில் சாய்த்த கிழவி, நீல வெளிச்சம், புல்லாங்குழல் என்று வந்ததும் எல்லாரையும் மன்னித்துவிட்டுச் செத்துப் போகிறாள். கூட்டம் அழுதது. அந்த அழுகையிலேயே பிள்ளைகள் செய்ததெல்லாம் கழுவிப் போய்விட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது, தம்பி.

வீட்டை எழுதி வாங்கின பத்திரம் இரண்டாம் காட்சியிலேயே வருகிறதே, அதை ஏன் அப்படியே விட்டாய்? பெற்றோர் பராமரிப்புக்கென்று 2007-ல் வந்த சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்து என்றால், பிள்ளை பார்க்காதபோது அதை ரத்து செய்யச் சொல்லி ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுக்கலாம். மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். அந்தப் பத்திரத்தில் நிபந்தனையை ஒரு வரி சேர்த்துவிடு. அப்புறம் ஒரு நாள் காலையில் கிழவி நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்து, "ஆர்டிஓ ஆபீசுக்கு எந்த பஸ்டா போகும்?" என்று கேட்கட்டும், போதும். மூன்று வீட்டிலிருந்தும் காபி வரும். 31 நாள் மாதமாகப் பார்த்து எனக்கு எனக்கு என்று அடித்துக்கொள்வார்கள்.

மன்னார்குடியில் போடுவதற்குள் இதை மாற்றிவிடு. அம்மாவாக நடித்தவரை மட்டும் மாற்றாதே. பிள்ளைகள் பேசப் பேச வெற்றிலை இடிக்கிற வேகத்தை ஏற்றிக்கொண்டே போனாரே, அதற்காகவே இன்னொரு தடவை வருவேன்.

அன்புடன்,
அக்கா