படிக்கட்டாக வராதீர்கள்: கல்விச் சபைத் தேர்தலில் நிற்கும் நம்மவர்களுக்கு

அன்புள்ள வேட்பாளர்களுக்கு,

வணக்கம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் இரண்டு பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்பும் தாய் நான். போன தேர்தலுக்கு முந்திய ஒரு குளிர் மாலை உங்களைப் போல ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றுவதா விடுவதா என்று வாசலில் கொஞ்சம் தடுமாறிவிட்டு, "தமிழாக்கள் எல்லாரும் ஒரே ஆளுக்குப் போட்டால் கட்டாயம் வெல்லலாம் அக்கா" என்றார். சரி, வெல்லலாம். என் மகனின் வகுப்பில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாகப் போட்டிருந்தார்கள். அதை முடிவெடுப்பது அதிபரா, பள்ளிகளை நிர்வகிக்கும் கல்விச் சபையா என்று கேட்டேன். "வென்ற பிறகு விசாரித்துச் சொல்கிறேன்" என்றார். கொடுத்துவிட்டுப் போன துண்டுப்பிரசுரத்தில் அவர் கோயில் திருவிழாவில் நிற்கும் படம் பெரிதாக இருந்தது. பள்ளிக்கூடப் படம் ஒன்றுகூட இல்லை.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாங்களும் அப்படித்தான். 2022 இல் ரொறன்ரோவில் வாக்களித்தவர்கள் 30 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. வந்தவர்களிலும் என் அப்பாவைப் போன்றவர்கள் மேயருக்கு ஒன்று, நகரசபைக்கு ஒன்று என்று வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு, கல்விச் சபைப் பகுதியை வெறுமையாக விட்டு இயந்திரத்தில் போட்டுவிடுவார்கள். "ஆரெண்டே தெரியாதவைக்கு எப்படிப் பிள்ளை போடுறது?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆளைத் தெரியாத தேர்தலில் பழகிய பெயர் வெல்லும். பதவியில் இருப்பவர் திரும்பத் திரும்ப வருவதற்கும், நம்மவர்கள் பெயரை மட்டும் நம்பி நிற்பதற்கும் அதுதான் காரணம்.

கல்விச் சபை உறுப்பினர் பதவிக்கு நிற்க 100 டொலர் கட்டணம் போதும். நகரசபைக்கு நிற்பவர்போல் 25 பேரிடம் கையெழுத்து வாங்கத் தேவையில்லை. வென்றாலும் முழுநேரச் சம்பளம் கிடையாது, ஒரு கொடுப்பனவுதான். இதனாலேயே பலருக்கு இது அரசியல் பழகும் களமாகத் தெரிகிறது. நுழைவது சுலபம், தோற்றாலும் பெரிய நட்டமில்லை, வென்றால் பெயருக்கு முன்னால் போட ஒரு பட்டம்.

நடந்ததைப் பாருங்கள். நம்மவரான நீதன் சான் 2006 இல், ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள யோர்க் பிராந்தியக் கல்விச் சபைக்குத் தெரிவானார். 2016 ஜனவரி இடைத்தேர்தலில் வென்று ரொறன்ரோ கல்விச் சபைக்கு வந்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் மாகாண இடைத்தேர்தலில் நின்று தோற்றார். 2017 பெப்ரவரியில் நகரசபை உறுப்பினர் ஆகிவிட்டார். 13 மாதம்! 2022 இல் திரும்பி வந்து, சபையின் தலைவராகவும் இருந்து, 2025 செப்டெம்பரில் மறுபடி நகரசபைக்குப் போனார். (அந்தக் கடைசிப் போக்கில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்போது சபையே மாகாண அரசின் கையில் இருந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.) பார்த்தி கந்தவேள் 2014 இல் வந்து மூன்று தேர்தல்களில் வென்று, 2023 இல் நகரசபைக்கு மாறினார்.

ஜுவானிட்டா நாதனின் கதை கொஞ்சம் வேறு. 2010 இல் யோர்க் கல்விச் சபைக்கு வந்தவர் 2022 வரை 12 ஆண்டுகள் இருந்தார், தலைவராகவும் பணியாற்றினார். இடையில் 2018 ஜூனில் மாகாணத் தேர்தலில் மார்க்கம்-தோர்ன்ஹில்லில் நின்று தோற்றார். அதே ஆண்டு ஒக்ரோபரில் கல்விச் சபைக்கு மறுபடி வென்று வந்தார். பிறகு மார்க்கம் நகரசபை, 2025 இல் நாடாளுமன்றம். அவரும் ஏறித்தான் போனார், மறுக்கவில்லை. ஆனால் 12 ஆண்டு என்றால் பாலர் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை நெருங்கும் காலம். வரவுசெலவுத் திட்டத்தில் எந்த வரியில் எதை ஒளிப்பார்கள் என்பது தெரிந்துவிடும்.

அதற்காக நீண்டகாலம் இருப்பவரெல்லாம் நல்லவர் என்றும் சொல்ல வரவில்லை. அதே யோர்க் சபையில் நீண்டகால உறுப்பினர் ஒருவர் கறுப்பினத் தாய் ஒருவரை இழிசொல்லால் குறிப்பிட்டார். பெற்றோர் விடாமல் போராடிய பிறகுதான், 2017 பெப்ரவரியில், அவர் பதவி விலகினார். மாகாணம் ஆட்களை அனுப்பிச் சபையையே ஆராய வேண்டியதாயிற்று. கதிரை பழகிவிட்டால் கண் மங்கும்.

ஆனாலும் தெரிந்த ஒருவர் இருப்பதன் அருமையை நான் கண்டிருக்கிறேன். பெயர் வேண்டாம், அவர் தமிழரும் அல்ல. என் சிநேகிதியின் மகனுக்கு வகுப்பில் உதவியாளர் இல்லாமல் போனபோது அந்த உறுப்பினர் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். வாக்குறுதி ஒன்றும் கொடுக்கவில்லை. முதலில் அதிபருக்குக் கடிதம், பதில் வராவிட்டால் கண்காணிப்பாளருக்கு, பிறகு விசேட கல்வி ஆலோசனைக் குழுவின் மாதக் கூட்டம் என்று வரிசையாகச் சொன்னார். அந்தக் கூட்டத்துக்கு அவரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். படம் எடுக்கவில்லை.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. 1997 இல் மாகாணம் கல்விச் சபைகளின் எண்ணிக்கையை 129 இலிருந்து 72 ஆகக் குறைத்தது. வரி விதிக்கும் அதிகாரத்தையும் அவற்றிடமிருந்து எடுத்துக்கொண்டது. காசு மாகாண அரசு இருக்கும் குயின்ஸ் பார்க்கிலிருந்து வரும், பழி மட்டும் சபைக்கு. 2025 ஜூனில் ரொறன்ரோ பொதுச் சபை, ரொறன்ரோ கத்தோலிக்கச் சபை உட்பட நான்கு சபைகள் ஒரே நாளில் மாகாணம் நியமித்த மேற்பார்வையாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. இப்படி ஒரு பதவியே தேவையா என்று மாகாணக் கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா (Paul Calandra) வெளிப்படையாகவே கேட்டார். அவருக்கு எதிராக நான் வாதாடத் தயார். ஆனால், "உங்கள் ஆட்களே இதை நகரசபைக்குப் போகும் படிக்கட்டாகத்தானே வைத்திருக்கிறார்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டால், என் வாதத்தின் பாதி அங்கேயே விழுந்துவிடும்.

தமிழைப் பற்றிப் பேசவேண்டாம் என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு பேசுங்கள். 23 பிள்ளைகளின் பெற்றோர் எழுத்தில் கேட்டால், ஒன்ராறியோவில் கல்விச் சபை அந்த மொழிக்கு வகுப்பு நடத்தியாக வேண்டும். இது ஒழுங்குவிதி. மேடையில் "தமிழ் வாழ்க" என்பதற்குப் பதில், அந்த 23 பெயரைச் சேர்க்க ஒரு படிவத்தோடு வீடு வீடாக வந்தீர்களென்றால் என் அப்பாவே உங்களுக்குப் பிரசாரம் செய்வார்.

அப்புறம், நீங்கள் வரும்போது என்னிடம் மூன்று கேள்வி இருக்கும். எங்கள் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு எத்தனை தடவை வந்திருக்கிறீர்கள்? சபையின் வரவுசெலவுத் திட்டத்தை ஒரு தடவையாவது வாசித்தீர்களா? நடுவில் நகரசபை இடைத்தேர்தல் வந்தால் நான்கு வருடத்தையும் முடித்துவிட்டுத்தான் போவீர்களா? மூன்றாவதுக்கு "ஓம்" என்றால் துண்டுப்பிரசுரத்திலேயே அச்சடித்துக்கொண்டு வாருங்கள்.

வீட்டு மணி பழுது. கதவைத் தட்டுங்கள். சப்பாத்தைக் கழற்றத் தேவையில்லை.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய்