கைரேகை வைக்கும் முன் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் 22 வருடமாக புரூஃப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. அவர் காலமான பிறகு அம்மாவுக்கு 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாதம் 1,640 ரூபாய் பென்ஷன் வருகிறது. சின்னத் தொகைதான். ஆனாலும் யாரிடமும் கேட்காமல் அம்மா கைக்கு வருகிற பணம் அது ஒன்றுதான். பேத்திக்கு வளையல் வாங்குவதும், கோயில் உண்டியலில் போடுவதும் அதிலிருந்துதான்.

இந்தப் பென்ஷன் நிற்காமல் வர உயிரோடு இருக்கிறோம் என்பதற்கான வாழ்நாள் சான்றிதழை வருடத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். 2014 நவம்பரில் ‘ஜீவன் பிரமாண்’ என்ற டிஜிட்டல் சான்றிதழ் முறை வந்த பிறகு இது கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிடுகிறது. ஆதார் எண்ணும் பென்ஷன் விவரங்களும் பதிந்து கைரேகை வைத்தால் போதும். முன்பு மாதிரி வங்கிக்கு நடையாய் நடக்க வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு என்றுதான் இப்போதும் சொல்வேன். எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

2024 நவம்பரில் அம்மாவை ஒரு சேவை மையத்துக்குக் கூட்டிப் போனேன். அம்மா சின்ன வயதிலிருந்து தீப்பெட்டி ஒட்டியவர். விரல் நுனியில் ரேகை தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். மெஷினில் வலது பெருவிரல் விழவில்லை. ஈரத்துணியால் துடைத்தார்கள், அப்புறமும் விழவில்லை. “விரலைத் தலைமுடியில் தேயுங்க பாட்டி, எண்ணெய்ப் பசையில் விழும்” என்றார் அங்கிருந்த பையன். அம்மா தேய்த்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று மாற்றி மாற்றி வைத்து, ஒன்பதாவதோ பத்தாவதோ தடவை இடது கை மோதிர விரல் விழுந்தது. பின்னால் நின்ற வரிசை முழுக்க ‘அப்பாடா’ என்று மூச்சுவிட்டது. சான்றிதழ் உருவாகிவிட்டது என்று திரையில் வந்தது. என் போனுக்கும் பிரமாண் ஐடி என்கிற சான்றிதழ் எண்ணோடு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

டிசம்பர் பணம் வரவில்லை. தாமதம் என்று நினைத்தோம். ஜனவரியிலும் வரவில்லை. வங்கியில் பாஸ்புக் பதிந்து பார்த்தால் அப்படி ஒரு வரவே இல்லை. சேவை மையத்தில் கேட்டால், “சான்றிதழ் ஏறிவிட்டதே, இதோ பாருங்கள்” என்று அதே திரையைக் காட்டினார்கள். அம்மா என்னிடம், “நான் இருக்கேன்னுதான கைநாட்டு வச்சிட்டு வந்தேன். பெறகு ஏன் நிறுத்தினாங்க?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த இரண்டு மாதமும் அம்மா என்னிடம் பணம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் 500 ரூபாய் கைமாற்று வாங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

மாவட்டந்தோறும் மாதத்தில் 27ஆம் தேதி இந்தப் பென்ஷனைக் கவனிக்கும் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தின் குறைதீர் முகாம் நடக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். ‘நிதி ஆப்கே நிகட்’ என்று பெயர். ஜனவரி 27 அன்று அம்மாவோடு போனேன். அங்கிருந்த அலுவலர் பென்ஷன் ஆணையையும் சேவை மையம் கொடுத்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டே வந்தார். நடுவில் நின்றார். ஆணையில் 48. தாளில் 84. பி.பி.ஓ. எண்ணில், அதாவது பென்ஷன் ஆணையின் எண்ணில், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. அந்த எண்ணுக்கும் அம்மாவுக்கும் பொருந்தாததால் சான்றிதழ் நிராகரிக்கப்பட்டிருந்தது. நவம்பரிலேயே. எங்களுக்குத் தகவல் எதுவும் வரவில்லை.

அந்தப் பையனைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. நாளெல்லாம் எண் தட்டுகிற கை, மாறத்தான் செய்யும். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எண்ணைச் சரிபார்ப்பதே தொழிலாக உள்ள நான், அந்தத் திரையை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அம்மாவின் விரல் மேலேயே இருந்தது.

எங்கள் அச்சகத்தில் ஒரு காலண்டர் ஆர்டர் வந்தால், புரூஃப் எடுத்து, ஆர்டர் கொடுத்தவர் வாசித்து, ‘சரி’ என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷினில் ஏறும். ஒரு தேதி மாறிவிட்டால் அத்தனை தாளும் வீண். காலண்டருக்கே இவ்வளவு என்றால் ஒரு முதியவரின் மாதப் பணத்துக்கு இது வேண்டாமா? கைரேகை என்பது அம்மாவின் கையெழுத்து. எதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதைப் போடுவதற்கு முன்னால் காட்ட வேண்டும். பெயர், பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்கு எண், சொந்தப் பென்ஷனா குடும்பப் பென்ஷனா என்ற நான்கையும் தமிழில் பெரிய எழுத்தில் திரையில் காட்டி, சத்தமாக வாசித்துவிட்டு, பிறகு விரலை வைக்கச் சொல்லட்டும். அரை நிமிடம்தான் கூடுதலாக ஆகும்.

அடுத்து, சான்றிதழ் ‘உருவானது’ வேறு, பென்ஷன் அலுவலகம் அதை ‘ஏற்றுக்கொண்டது’ வேறு. இது முகாமில்தான் எனக்குப் புரிந்தது. அந்தத் தாளிலேயே இதைத் தமிழில் ஒரு வரி அச்சடிக்கலாம். நிராகரித்தால், எந்த விவரம் பொருந்தவில்லை என்று தமிழில் குறுஞ்செய்தி வர வேண்டும். பணத்தை நிறுத்துவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

எங்கள் கதை நல்லபடியாக முடிந்தது. தவறான சான்றிதழைத் திருத்த முடியாது, சரியான விவரங்களோடு புதிதாக ஒன்று எடுக்க வேண்டும் என்றார் அலுவலர். அன்றே எடுத்தோம், புது பிரமாண் ஐடி வந்தது. மார்ச்சில் நிலுவையும் சேர்ந்து வந்துவிட்டது. இதே சிக்கலில் இருப்பவர்கள் அடுத்த நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பென்ஷன் ஆணையின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். அவர்கள் தரும் தாளை அங்கேயே நின்று, எண்மேல் விரல் வைத்து, ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சில இடங்களில் மையத்தின் போன் எண்ணையே போட்டுவிடுகிறார்கள், அது உங்கள் எண்ணாக இருக்கட்டும். கைரேகை விழாதவர்களுக்கு 2021இலிருந்து முகத்தைக் காட்டிப் பதியும் வசதி இருக்கிறது. நடக்க முடியாதவர்கள் தபால்காரரை வீட்டுக்கே வரவழைக்கலாம். எங்களுக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் அம்மா அத்தனை தடவை விரலைத் தேய்த்திருக்க வேண்டாம்.

எங்கள் திட்டத்தில் எந்த மாதமும் சான்றிதழ் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர்தான். அவர்களில் 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். அதனால் ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற செப்டம்பர் கடைசியில், நிரப்பிய மாதிரிப் படிவம் ஒன்றை, எந்தக் கட்டத்தில் எந்த எண் வரும் என்று தமிழில் குறிப்புப் போட்டு, அரைப் பக்கத்தில் வெளியிடுங்கள். எங்கள் தெருவில் மட்டும் பென்ஷன் வாங்கும் பெண்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். கத்தரித்து எடுத்துப் பென்ஷன் ஆணையோடு வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிவகாசி.