ஆறு மணிக்கு வெளியே விளையாடுவது கரடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், பிள்ளைகளின் செல்போன் பழக்கத்தைக் குறைப்பது பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். "மாலை ஆறு மணிக்கு போனை வாங்கி வைத்துவிட்டு வெளியே விளையாட அனுப்புங்கள்" என்று அதில் ஒரு வரி. எழுதியவருக்கு எந்த ஊரோ. எங்கள் அரவேனு பக்கம் ஆறு மணிக்கு வெளியே விளையாடுவது யார் என்று உங்கள் நிருபரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாரே. கரடி. சில நாள் காட்டெருமை. போன மாதம் கரடி எங்கள் தெருக்கோடி கோயில் கதவைத் தள்ளி, விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. அங்கேதான் என் பையனைப் பந்து விளையாட அனுப்ப வேண்டும் போல. இதில் "இயற்கையின் மடியில் வாழும் மலைக்குழந்தைகள் கொடுத்து வைத்தவர்கள்" என்று வேறு!

இந்த போனை நாங்கள் ஆசைப்பட்டா வாங்கினோம்? 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், போன் இல்லாவிட்டால் படிப்பு போய்விடும் என்றார்கள், தோட்டை அடகு வைத்து வாங்கினேன். வீட்டில் சிக்னல் கிடைக்காது, தேயிலைக்கு நடுவே ஒரு பாறை மேல் அவன் உட்கார, நான் குடை பிடித்து நிற்பேன். பள்ளி திறந்து இத்தனை வருடமாகியும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, அதுவும் ராத்திரி எட்டரைக்கு. போனை வாங்கி வைத்தால் மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்பவன் அவன்தான், கட்டுரை எழுதியவர் இல்லை.

அப்புறம், உலக சுகாதார நிறுவனமே ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது என்று எழுதியிருக்கிறார். 2019-ல் அவர்கள் அதைச் சொன்னது 2 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கு. என் பையனுக்கு 13, மீசை அரும்புகிறது. பகல் வெளிச்சத்தில் வெளியே இருந்தால் கிட்டப்பார்வை வருவது குறையும் என்று அவனுக்குக் கண்ணாடி எழுதிய டாக்டர் சொன்னார். சரி, பகலில் அவன் இருப்பது பள்ளியில். அங்கே பி.டி. பீரியடை கணக்கு சார் கடன் வாங்குகிறார், இதுவரை ஒன்றைக்கூடத் திருப்பித் தந்ததில்லை. இதைப் பற்றி ஒரு கட்டுரை போடலாமே?

நானும் யோக்கியம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒரு ரீல்ஸ் முடிந்தால் அடுத்தது தானாக வந்து நிற்கிறது, ஐந்து நிமிடம் என்று எடுத்தால் பருப்பு அடிப்பிடித்த பிறகுதான் தலை நிமிர்கிறேன். அதனால் முதலில் என் போனைத்தான் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன், செட்டிங்கில் இருக்கிறது. பையன் பார்த்துவிட்டு போன் ரிப்பேரா என்றான். நிஜமாகவே பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டது. நோட்டிபிகேஷனை எல்லாம் நிறுத்தினேன், உங்கள் பத்திரிகை ஆப் உள்பட. "அதிர்ச்சி வீடியோ" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கூப்பிடுவீர்கள்? அலாரம் வேண்டுமே என்று சாக்கு சொன்னான், ஒரு டைம்பீஸ் வாங்கி வைத்தேன். ஒன்பது மணிக்கு மேல் மூன்று போனும் சமையலறையில் சார்ஜில். பனி மூட்டத்தில் கதவை அடைத்துக்கொண்டு பாட்டியும் பேரனும் உங்கள் குறுக்கெழுத்துப் போட்டியைப் போட ஆரம்பித்தார்கள்.

அதற்கும் வேட்டு வைத்தீர்கள். முன்பெல்லாம் மறுவாரம் விடை அச்சில் வரும், இப்போது க்யூஆர் கோடு, ஸ்கேன் செய்யவாம். விடை பார்க்க எடுத்த போன் அன்றைக்கு பதினொன்றரைக்குத்தான் கீழே வந்தது. ஒரு பக்கத்தில் போனைக் கீழே வை என்கிறீர்கள், மறுபக்கத்தில் எடு என்கிறீர்கள், எதைத்தான் கேட்பது?

19 வருடமாகக் காசு கொடுத்து வாங்குகிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன், விடையை காகிதத்திலேயே போடுங்கள். தலைகீழாக, பொடி எழுத்தில் போட்டாலும் சரி. இந்த வாரம் நான் போனை எடுக்க விடவில்லை. மேலிருந்து கீழ் 14 என்ன என்று என் மாமியார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி