பார்தியூ ரயில் நிலையத்தில் பார்த்த அக்காவுக்கு

லியோனில் படிக்க வந்த புதிதில் வீடு கிடைக்காமல் திண்டாடினேன். பிரான்ஸில் சம்பளம் வாங்கும் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்கள். எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?

அம்மாவிடம் போனில் அழுதுகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். “ஏன் தங்கச்சி அழுறீங்கள்?” அந்த யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டதுமே பாதி பாரம் இறங்கிவிட்டது.

விசால் (Visale) என்று ஒரு வாடகை ஜாமீன் திட்டம் இருக்கிறது, 30 வயது வரை மாணவர்களுக்கு இலவசமாகவே ஜாமீன் தருவார்கள் என்றீர்கள். அதோடு விட்டீர்களா? உங்கள் ரயிலைப் போகவிட்டு, பிரெஞ்சு விண்ணப்பத்தை என் போனிலேயே வரிவரியாகப் படித்துச் சொல்லி, பாஸ்போர்ட், விசா எல்லாவற்றையும் படமெடுத்து ஏற்றிக் கொடுத்தீர்கள். அப்புறம் பையிலிருந்து மீன் ரோல்ஸ் எடுத்து, “முதல்ல சாப்பிடுங்கோ” என்றீர்கள். பெயர் கேட்பதற்குள் அடுத்த ரயில் வந்துவிட்டது.

ஜாமீன் கிடைத்தது, அறையும் கிடைத்தது அக்கா. ரொம்ப நன்றி. இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். ஒரு நாள் என் சமையலைச் சாப்பிட நீங்கள் வர வேண்டும்.