ஒரகடமா, கங்கைகொண்டானா? கோவில்பட்டித் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

மெக்கானிக்கல் முடித்த கையோடு இரண்டு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது உனக்கு. ஒன்று சென்னைப் பக்கத்து ஒரகடத்தில், வருஷம் 3.6 லட்சம் சி.டி.சி. (உனக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை). மற்றொன்று திருநெல்வேலிப் பக்கத்து கங்கைகொண்டான் சிப்காட்டில், மாசம் 18,000. "இங்கேயே இருந்துடு" என்று அம்மாவும், "மெட்ராஸ் போகாதவன் உருப்பட மாட்டான்" என்று கூட்டாளிகளும் சொல்வார்கள். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, எந்தப் பெயரில் உன்னை எடுக்கிறார்கள் என்று முதலில் பார்.

'அப்ரண்டிஸ்' என்றால் வருவது சம்பளம் இல்லை, உதவித்தொகை. பி.எஃப். கிடையாது, காலம் முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. 'கான்ட்ராக்ட்' என்றால் கேட்டில் ஒரு கம்பெனியின் பெயர், பே-ஸ்லிப்பில் வேறு பெயர். 'ட்ரெய்னி' என்றால் எத்தனை மாசத்தில் கன்ஃபர்ம் செய்வார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒரகடத்து லெட்டர் ஆன்ரோல் (கம்பெனியின் சொந்த ஆள்) இல்லை என்றால் மேலே கணக்குப் போடவே வேண்டாம், ஊரிலேயே இரு.

ஆன்ரோல்தான் என்று வைத்துக்கொள்வோம். 3.6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 30,000 என்று வீட்டில் சொல்லியிருப்பாய். அது கைக்கு வராது. பேசிக் 15,000 என்றால் கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800 அந்த 30,000-க்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம், அதாவது 721 ரூபாய், அதற்குள்தான். பெர்மனென்ட் ஆளுக்கு ஐந்து வருஷம் முடிந்தால்தான் அது கிடைக்கும். பத்து சதவீதம் பெர்ஃபார்மன்ஸ் பே என்று போட்டிருந்தால் இன்னொரு 3,000 வருஷக் கடைசிக்குப் போய்விடும். உன் பங்கு பி.எஃப். 1,800, தொழில் வரி மாசக் கணக்கில் 200 பக்கம். எல்லாம் போக வங்கியில் விழுவது சுமார் 22,450.

ஊர் வேலையில் பேசிக் 9,000 என்றால் பி.எஃப். 1,080, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 135, தொழில் வரி போக 16,550-க்குக் கொஞ்சம் மேலே.

இனி செலவு. படப்பைப் பக்கம் மூன்று பேர் சேர்ந்து 9,000 ரூபாய் வீடு எடுத்தால் உன் பங்கு 3,000. கரண்ட், கேன் தண்ணீர் 600. ஒரு வேளை கேன்டீன் போக மற்றச் சாப்பாடு 5,500. போன், பஸ், சில்லறை 2,500. ஊருக்கு வந்துபோக மாசத்துக்கு 900 ஒதுக்கு. மொத்தம் 12,500, மிச்சம் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஊரில் வீட்டுக்கு 5,000 கொடுத்து, சில்லறை 2,500 போனால் மிச்சம் 9,050 பக்கம். பார்த்தாயா, வித்தியாசம் ஆயிரம்கூட இல்லை!

ஆனால் இந்த 9,050 கம்பெனி பஸ் இருந்தால்தான். கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு தாண்டிப் போய்வர 75 கிலோமீட்டர் என்று வை. பைக் லிட்டருக்கு 50 கொடுத்தாலும் தினம் ஒன்றரை லிட்டர், 26 நாளைக்கு 3,900 ரூபாய். மிச்சம் 5,150 ஆகிவிடும். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் நாலுவழிச் சாலையில் பைக் ஓட்டுவதை எந்த ரூபாயில் கணக்கிடுவது? ஆகவே எச்.ஆரிடம் கேட்கவேண்டியது இன்கிரிமென்ட்டை இல்லை. பஸ் கோவில்பட்டி வரை வருமா, எந்த ஸ்டாப், மூன்று ஷிஃப்டுக்கும் உண்டா என்பதை. (மொய்க் கணக்கை நான் சேர்க்கவில்லை. ஊரில் இருப்பவன் ஆவணியிலும் தையிலும் தப்பிக்க முடியாது.)

18,000 சம்பளத்தில் யாரும் சொல்லாத ஒரு லாபம் இருக்கிறது. மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. உன்னைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவையும், அவர்களுடைய வருமானம் வரம்புக்குள் இருந்தால், அதில் சேர்க்கலாம். அப்பாவுக்குச் சுகர் மாத்திரை ஓடுகிறது என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

அப்படியானால் ஊரே மேல் என்று தோன்றும். எனக்கு உறுத்துவது சம்பளம் இல்லை, இரண்டாவது வேலை. ஒரகடத்தில் ஒரு கம்பெனி பிடிக்காவிட்டால் அதே அறையில் இருந்துகொண்டே ஸ்ரீபெரும்புதூரிலோ சுங்குவார்சத்திரத்திலோ அடுத்ததைப் பிடிக்கலாம். கங்கைகொண்டானில் உன் வேலைக்கு ஏற்ற கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேனேஜரோடு முட்டிக்கொண்டால் கம்பெனியோடு ஊரையும் மாற்ற வேண்டியிருக்கும். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஃபேக்டரி 2025 ஆகஸ்டில் திறந்தபிறகு இந்த நிலைமை கொஞ்சம் மாறுகிறது, ஆனாலும் சென்னைப் பக்கம் மாதிரி கம்பெனிகளின் நெருக்கம் இன்னும் வரவில்லை.

அதனால் ஊரில் எங்கே சேர்ந்தாலும் முதல் மாசமே யு.ஏ.என். எண் (எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத பி.எஃப். எண்) வாங்கி, பி.எஃப். பாஸ்புக்கில் பணம் ஏறுகிறதா என்று பார். கையில் ரொக்கமாகச் சம்பளம் தரும் இடத்தில் மூன்று வருஷம் உழைத்தாலும், பெரிய கம்பெனி வெரிஃபிகேஷனில் அந்த மூன்று வருஷத்துக்குச் சாட்சி இருக்காது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை மட்டும் எந்த ஊரிலும் கொடுத்துவைக்காதே.

ஒரகடம்தான் என்று முடிவெடுத்தால் கையில் நாற்பதாயிரம் இல்லாமல் ரயில் ஏறாதே. அட்வான்ஸ் 50,000 என்றால் உன் பங்கே 17,000. பாய், வாளி, ஐந்து கிலோ சிலிண்டர், அடுப்பு எல்லாம் மூன்று பேர் பங்கு போட்டாலும் உனக்கு 3,000. பல கம்பெனிகளில் 20 அல்லது 25-ஆம் தேதியோடு சம்பளக் கணக்கை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு சேர்ந்தால் அந்தச் சில நாள் சம்பளமும் அடுத்த மாசக் கடைசியில்தான் வரும். லேட்டானால் ஐம்பது நாள் கைக்காசில் ஓட்ட வேண்டும். முடிந்தால் 1-ஆம் தேதியே சேர்.

வீடு பார்க்கும்போது கரண்டுக்குத் தனி சர்வீஸா, சப்-மீட்டரா என்று கேள். தனி சர்வீஸ் என்றால் அரசு தரும் இலவச யூனிட் உங்களுக்கே. சப்-மீட்டர் என்றால் ஓனர் யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வைத்து வாங்குவார், இலவசம் அவருக்குப் போய்விடும். காலி செய்யும்போது பெயின்டிங் என்று எவ்வளவு பிடிப்பார் என்பதையும் அக்ரிமென்ட்டில் எழுதச் சொல்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு எச்.ஆருக்கும் மெயில் போடு. ஆன்ரோலா, கன்ஃபர்மேஷன் எப்போது, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், பஸ் எதுவரை. போனில் பதில் சொன்னால், "சார், இதை மெயிலில் அனுப்பிவிடுங்கள்" என்று கேட்கக் கூச்சப்படாதே.

அன்புடன்,
அண்ணன்